ஞாயிற்றுக்கிழமை வரை கெடு

கேள்வி: எல்லையில் படையைக் கொண்டுபோய் நிறுத்தினால்தான் எதிராளி பேச்சுவார்த்தைக்கு வருவான் என்பது என் கட்சி. மிரட்டினால் போர்தான் வரும் என்பது தம்பியின் கட்சி. 1962இல் அமெரிக்க அதிபர் கென்னடி போட்ட அதட்டலில்தானே சோவியத் தலைவர் குருஷ்சேவ் கியூபாவிலிருந்து ஏவுகணைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார் என்றேன். ‘அரைகுறையாகப் படித்துவிட்டுப் பேசாதே’ என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் மன்னிப்புக் கேட்காவிட்டால் அம்மாவைப் பார்க்க என் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அவன் குழுவைவிட்டே போய்விட்டான். அது கிடக்கட்டும். ராணுவ மிரட்டலால் ராஜதந்திரத் தீர்வு வருமா, வராதா? யார் சொல்வது சரி?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ‘அது கிடக்கட்டும்’ என்று நீங்கள் தள்ளிவிட்டுப் போன வரியை நான் விடுவதாக இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் கியூபா. 1962 அக்டோபர் 22 இரவு தொலைக்காட்சியில் கென்னடி எச்சரித்தது உலகத்துக்கே தெரியும். கியூபாவுக்குப் போகும் கப்பல்களை அவர் கடலில் மறித்தார், தாக்கவில்லை. அந்த மறிப்புக்கு ‘முற்றுகை’ என்று பெயர் வைக்கவும் இல்லை. முற்றுகை என்றால் சட்டப்படி அது போர்ச் செயல். அதனால் ‘குவாரன்டைன்’ (தனிமைப்படுத்தல்) என்றார். அக்டோபர் 26 அன்று அமெரிக்கக் கடற்படையினர் ஏறிச் சோதித்த முதல் கப்பலின் பெயர் மருக்லா. லெபனானில் பதிவான சரக்குக் கப்பல், சோவியத் யூனியன் வாடகைக்கு எடுத்திருந்தது. சோவியத் கொடி பறக்கும் கப்பலில் ஏறியிருந்தால் குருஷ்சேவ் திருப்பி அடித்தே ஆகவேண்டிய நிலை வந்திருக்கும். அதனால் தேடிப்பிடித்து இந்தக் கப்பலைத் தேர்ந்தெடுத்தார்கள். அணு ஆயுதப் போரின் விளிம்பில் நின்றுகொண்டும், எதிராளியின் மீசையில் மண் ஒட்டாமல் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் உங்கள் தம்பிக்கு என்ன பார்த்தீர்கள்?

மறுநாள் இரவு, அக்டோபர் 27, வாஷிங்டனில் அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடியும் சோவியத் தூதர் டோப்ரினினும் தனியாகச் சந்தித்தார்கள். ராபர்ட் சொன்னது இது: கியூபா மீது படையெடுக்க மாட்டோம், இதை வெளிப்படையாகவே சொல்கிறோம். துருக்கியில் உள்ள எங்கள் ஜூபிடர் ஏவுகணைகளைச் சில மாதங்களில் எடுத்துவிடுகிறோம், இது மட்டும் வெளியே போகக் கூடாது. இதுதான் பேச்சு. அடுத்த நாள் குருஷ்சேவின் சம்மதம் வானொலியில் வந்தது. 1963 ஏப்ரலுக்குள் ஜூபிடர்களும் போய்விட்டன. நீங்கள் சொல்லும் கியூபாக் கதை இந்தப் பாதியைக் கழித்துவிட்ட கதை. தம்பி பலர் முன்னால் சொன்னது தவறு. ஆனால் சொன்ன விஷயம் தவறில்லை.

அதே 27ஆம் தேதி கியூபாவின் மேல் ஒரு அமெரிக்க உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி இறந்தார். கடலுக்கடியில் ஒரு சோவியத் நீர்மூழ்கியை மேலே வரவைக்க அமெரிக்கக் கப்பல்கள் சிறு வெடிகளைப் போட்டுக்கொண்டிருந்தன. அந்த நீர்மூழ்கிக்குள் அணு ஆயுத டார்பிடோ இருந்தது அவர்களுக்குத் தெரியாது. மிரட்டல் பலித்த நாளிலேயே கை நழுவி எல்லாம் முடிந்துபோயிருக்கலாம். அதையும் கணக்கில் எழுதுங்கள்.

மிரட்டல் பலிப்பதே இல்லை என்று தம்பி சொன்னால் அதுவும் சரியில்லை. 1994இல் ஹைட்டியில் அமெரிக்கத் தூதுக்குழுவாகப் போன முன்னாள் அதிபர் கார்ட்டர், சாம் நன், காலின் பவல் மூவரும் ஆட்சியைப் பிடித்திருந்த ராணுவத் தளபதி செட்ராஸிடம் பேசிக்கொண்டிருந்தபோதே அமெரிக்கப் படையை இறக்கும் விமானங்கள் வானத்தில் வந்துகொண்டிருந்தன. அவர் பணிந்தார். ஆனால் ஒப்பந்தத்தில் பொதுமன்னிப்புக்கு இடம் இருந்தது, பதவி விலக அக்டோபர் 15 வரை அவகாசமும் இருந்தது. 2013இல் சிரியாவும் அமெரிக்க அடி விழும் என்ற பயத்தில் சுமார் 1,300 டன் ரசாயன ஆயுதப் பொருள்களைக் கணக்குக் காட்டி ஒப்படைத்தது. எல்லாவற்றையும் காட்டவில்லை. 2017 ஏப்ரலில் அந்நாட்டின் கான் ஷேக்குன் ஊரில் மறுபடியும் சரின் என்ற நச்சு வாயு மக்களைக் கொன்றது. பயத்தில் கொடுப்பவன் ஒரு பகுதியை ஒளித்துவைப்பான். எண்ணிப் பார்க்க ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் அங்கே இருந்தாக வேண்டும், மிரட்டியவர் கவனமும் அங்கேயே இருந்தாக வேண்டும்.

மிரட்டலில் இரண்டு பாதி உண்டு. ‘செய்யாவிட்டால் அடிப்பேன்’ என்பது ஒன்று. ‘செய்தால் அடிக்க மாட்டேன்’ என்பது இன்னொன்று. முதல் பாதிக்கு விமானந்தாங்கிக் கப்பல் போதும். இரண்டாவதற்கு நம்பிக்கை வேண்டும், அது சீக்கிரம் கிடைக்காது. 2003 டிசம்பரில் லிபியா தன் ஆயுதத் திட்டங்களைக் கைவிட்டது. 2011இல் அதே லிபியா மீது அமெரிக்காவின் ராணுவக் கூட்டணியான நேட்டோ குண்டு போட்டது, லிபியத் தலைவர் கடாஃபி கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு வந்த மிரட்டல்களுக்கு யார் பணிவார்கள்? உங்கள் பதிவில் இரண்டாவது பாதி எங்கே? மன்னிப்புக் கேட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஒரு வார்த்தை உண்டா?

அடுத்து, அந்த ஞாயிற்றுக்கிழமை. 1914 ஜூலை 23 மாலை ஆறு மணிக்கு தன் பட்டத்து இளவரசர் கொலைக்காக ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு கொடுத்தது. செர்பியா பெரும்பாலான கோரிக்கைகளுக்கு இணங்கியது. தன் மண்ணில் ஆஸ்திரிய அதிகாரிகள் விசாரணையில் உட்காருவதை மட்டும் ஏற்கவில்லை. ஐந்தே நாளில் போர். கெடு வைத்தவரையும் கெடு கட்டிப்போடும். நாள் கடந்ததும் அடிக்க வேண்டும், இல்லையென்றால் தலைகுனிய வேண்டும். திங்கட்கிழமை காலை தம்பி வாசலில் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? கதவைச் சாத்துவீர்களா?

கெடுவை எல்லோர் முன்னிலும் வைத்தது அதைவிட மோசம். 1991 ஜனவரி 9, ஜெனீவா. குவைத்தைப் பிடித்துவைத்திருந்த ஈராக் அதிபர் சதாமுக்கு அமெரிக்க அதிபர் புஷ் எழுதிய கடிதத்தை அவருடைய வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் ஈராக் வெளியுறவு அமைச்சர் தாரிக் அஜிஸிடம் கொடுத்தார். அஜிஸ் படித்தார். நாட்டுத் தலைவர்களுக்கு இடையே எழுதும் நடை இதுவல்ல என்று சொல்லி, வாங்காமல் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். வளைகுடாவில் லட்சக்கணக்கில் அமெரிக்கத் தரப்புத் துருப்புகள் நின்றும் அந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை. எட்டு நாளில் குண்டு விழுந்தது. தம்பி குழுவைவிட்டுப் போனதும் அதேதான்: கடிதத்தை மேசையில் விட்டுவிட்டார்.

ஐ.நா. சாசனத்தின் 2(4) பிரிவு படைபலத்தைப் பயன்படுத்துவதை மட்டுமல்ல, பயன்படுத்துவேன் என்று மிரட்டுவதையும் சேர்த்தே தடுக்கிறது. நாடுகள் அதை மதிக்காதது வேறு விஷயம். சாமம், தானம், பேதம் எல்லாம் தீர்ந்த பிறகுதான் தண்டம் என்று நம் பெரியவர்களும் வரிசை வைத்தார்கள். நீங்கள் கடைசியில் இருப்பதை முதலில் எடுத்தீர்கள்.

எடுத்த ஆயுதம் எது தெரியுமா? அம்மா. எனக்குப் பொறுக்காதது இதுதான். தாயைப் பார்க்க மகன் வருவது நீங்கள் கொடுக்கும் சலுகை இல்லை. அது அவர் கடமை, உங்கள் அம்மாவின் உரிமை. உங்கள் வீட்டில் அவர் இருப்பதால் அந்த உரிமை உங்கள் கைக்கு வந்துவிடாது. அந்தப் பதிவைப் போடுமுன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. மூத்தவர் என்றால் இந்தப் பொறுப்பும் சேர்ந்ததுதான்.

இன்றைக்கே அதே குழுவில் ஒரு வரி போடுங்கள்: ‘அம்மாவைப் பார்க்க யாரும் எப்போதும் வரலாம், கெடு எதுவும் இல்லை.’ அதன் பின்னால் ‘ஆனால்’ சேர்க்காதீர்கள். பலர் முன்னால் வைத்ததைப் பலர் முன்னால்தான் எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் தனியாக. தம்பியைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள், குறுஞ்செய்தி வேண்டாம். துருக்கி ஏவுகணை விஷயம் எனக்குத் தெரியாமல் இருந்தது என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அதுதான் உங்கள் ஜூபிடர். முதல் அழைப்பில் மன்னிப்புப் பேச்சை எடுக்காதீர்கள். நீங்கள் விட்டுக்கொடுத்ததைப் பிறகு குழுவில் போட்டுக் காட்டாதீர்கள்.

தம்பி தொலைபேசியை எடுக்கவில்லை என்றால் இரண்டு பேருக்கும் பொதுவான ஒருவரை அனுப்புங்கள். கியூபா நெருக்கடியில் ஐ.நா.வின் பொறுப்புப் பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட் இருவரையும் சற்று நிறுத்தச் சொன்னார். கென்னடிக்குப் பணிந்ததாக இல்லாமல், ஐ.நா. கேட்டதற்காகக் கப்பல்களை விலக்கி வைப்பதாகச் சொல்லக் குருஷ்சேவுக்கு அது வழி கொடுத்தது. கோள் மூட்டாத சித்தப்பாவோ அத்தையோ யாராவது இருப்பார்கள். அம்மாவை மட்டும் தூது அனுப்பாதீர்கள். அவரை ஏற்கெனவே ஒருமுறை நடுவில் நிறுத்திவிட்டீர்கள்.