சென்சார் கெடுபிடிக்கு முந்தைய ஹாலிவுட் பேசும்படங்களில் எந்த நகைச்சுவைப் படத்தை முதலில் பார்க்கலாம்? இப்போதும் சிரிப்பு வருமா?

'ட்ரபிள் இன் பாரடைஸ்' பாருங்கள். 1932-இல் எர்னஸ்ட் லூபிட்ச் இயக்கி பாரமவுண்ட் வெளியிட்ட படம். ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. சிரிப்பு கட்டாயம் வரும்.

வெனிஸ் நகரத்து ஹோட்டல் அறை. காஸ்டன், பிரபு வேஷம் போட்ட திருடன்; லில்லி, சீமாட்டி வேஷம் போட்ட திருடி. இரவு விருந்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். "நீங்கள் ஒரு திருடர்" என்கிறாள் அவள். அதே மூச்சில் உப்பை எடுத்துத் தரச் சொல்கிறாள். அவனும் மரியாதையாக எடுத்துக் கொடுக்கிறான். அப்புறம் நிதானமாக எழுந்து, கதவைப் பூட்டி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, அவளைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்குகிறான். அவன் அடித்துவந்த பர்ஸ் அவள் உடையிலிருந்து கீழே விழுகிறது! இருவரும் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி சாப்பிட உட்காருகிறார்கள். சற்று நேரத்தில் அவன் தன் சட்டைப்பைக் கடிகாரத்தைத் தேடினால், அது அவளிடம் இருக்கிறது. ஐந்து நிமிடம் மெதுவாக ஓடியதாம், சரிசெய்து வைத்திருக்கிறாள். காதல் பிறப்பதை இவ்வளவு அழகாகக் காட்டிய காட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

அந்தக் காலப் படம் என்றாலே கவர்ச்சிதான் என்று பலர் நினைக்கிறார்கள். இதில் லூபிட்ச் காட்டாமல் விடுவதுதான் அதிகம். காஸ்டனும் பாரிஸ் வாசனைத் திரவிய நிறுவன முதலாளியம்மா மரியெட்டும் கழிக்கும் ஒரு மாலைப்பொழுதில் நாம் பார்ப்பது கடிகாரங்களை மட்டும்தான். முள் நகர்கிறது, பேச்சு காதில் விழுகிறது, மீதியை நாமே புரிந்துகொள்கிறோம். பேசும்படம் வந்து ஐந்தே வருடத்தில் ஒலியை இப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்.

எனக்கு இன்னும் நெருக்கமானது அந்த நிறுவனத் தலைவரின் கதை. பெரிய மனிதர், பல வருடங்களாகக் கம்பெனிப் பணத்தைச் சுருட்டுகிறார். அவரைப் போலீஸில் பிடித்துக்கொடுக்க மரியெட் தயங்குகிறாள். மேல்தட்டு ஆள் திருடினால் மூடி மறைப்பீர்கள், அடிமட்டத்திலிருந்து உழைத்து முன்னுக்கு வந்த திருடன் என்றால் உடனே போலீஸா என்று காஸ்டன் பொரிந்து தள்ளுகிறான். பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிக்கொண்டிருந்த வருடம் அது. அன்றைக்குத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த வசனம் எப்படிச் சுட்டிருக்கும்!

ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் 1930-இலேயே எழுதப்பட்டுவிட்டன. கறாராக அமலானது 1934 ஜூலையில், ஜோசப் ப்ரீன் தணிக்கைப் பொறுப்பில் இருந்தபோது. குற்றம் செய்தவன் தண்டனை பெற்றே ஆகவேண்டும் என்பது விதி. இந்தப் படத்திலோ திருட்டு ஜோடி சந்தோஷமாகத் தப்பிக்கிறது, கல்யாணம் என்ற பேச்சே இல்லை. 1935-இல் மறுவெளியீட்டுக்கு அனுமதி கேட்டபோது மறுத்துவிட்டார்கள். முப்பது வருடங்களுக்கு மேல் படம் முடங்கிக் கிடந்தது. ஒரு தலைமுறையே இதைப் பார்க்க முடியாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. 1991-இல்தான், பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலான அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

பிடித்திருந்தால், அடுத்து அதே இயக்குநரின் 'டிசைன் ஃபார் லிவிங்' (1933). லில்லியாக வரும் மிரியம் ஹாப்கின்ஸ்தான் அதிலும் நாயகி.