சாய்ந்த தென்னையும் குழாய்ப் பள்ளமும்

கேள்வி: ஐயா, எங்களுக்குப் பேராவூரணிப் பக்கம். மதிலை ஒட்டி நிற்கும் நெட்டைத் தென்னை ஒன்று கஜா புயலிலேயே தப்பிய மரம். ஆரம்பத்திலிருந்தே தெருப்பக்கம் சாய்வுதான். இப்போது சாய்வு கூடியதுபோல் தெரிகிறது, மதிலிலும் விரிசல். வேர்தான் தள்ளுகிறது, மதில் பக்க வேரை வெட்டிவிடலாம் என்கிறார் கொத்தனார். வேர் பிடிக்க உரக்கடையில் ஒரு டானிக் கொடுத்தார்கள், ஊற்றலாமா? தண்ணீருக்குக் குறையில்லை, போன கோடையில்தான் மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஜேசிபி வைத்துக் குழாய் பதித்தோம்.

பதில்: தென்னை வேர் மதிலைத் தள்ளாது. ஆல், அரசு மாதிரி வருடா வருடம் பருக்கிற வேர் இல்லை அது. விரல் கனத்தோடு நின்றுவிடும். விரிசலுக்குக் காரணத்தைக் கொத்தனார் அஸ்திவாரத்தில் தேடட்டும். அரிவாள் வேரில் படக்கூடாது.

எனக்கு உறுத்தியது உங்கள் கடைசி வரி. மரம் தெருப்பக்கம் சாய்கிறது என்றால் அதைப் பிடித்து நிறுத்துவது வீட்டுப் பக்க வேர்கள், பந்தலுக்கு எதிர்ப்புறம் கட்டிய கயிறு போல. அந்தப் பக்கம்தான் ஜேசிபி போயிருக்கிறது. தென்னையின் வேலை செய்கிற வேரில் பெரும்பகுதி தூரிலிருந்து ஆறடிக்குள் இருக்கிறது. அதற்குள் இயந்திரம் விடாதீர்கள் என்று எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. மணிக்கணக்கில் வாடகை ஓடுவதால் ஓட்டுநர் நேர்கோட்டில்தான் இழுப்பார். இரண்டு எல்போ போட்டுக் குழாயைச் சுற்றிக் கொண்டுபோனால் என்ன செலவாகிவிடும்? ஆறடிக்குள் போய்த்தான் ஆகவேண்டும் என்றால் ஆள் வைத்து, மண்வெட்டியால், வேர் பார்த்துத் தோண்டவேண்டும். மரங்கள் புயலில் விழுகின்றன என்கிறோம். பல மரங்களைக் கோடையிலேயே பாதி சாய்த்துவிட்டுத்தான் புயலைத் திட்டுகிறோம்.

சரி, ஆபத்தை எப்படிப் பார்ப்பது? தண்டு வளைந்து, கொண்டை நிமிர்ந்திருந்தால் அது வெளிச்சம் தேடிய பழைய சாய்வு, அதற்குப் பயப்படவேண்டாம். தண்டோடு கொண்டையும் சேர்ந்து சரிந்திருந்தால் தூர் அசைந்திருக்கிறது. மதிலிலிருந்து தண்டுக்கு மார்பு உயரத்தில் டேப் வைத்து அளந்து, அந்த இடத்தில் பெயிண்டால் ஒரு புள்ளி வையுங்கள். ஆணி அடிக்காதீர்கள், தென்னையில் காயம் ஆறாது, தண்டைக் குடையும் சிவப்புக் கூன்வண்டுக்கு வாசல் திறந்ததாகிவிடும். வாரம் ஒருமுறை அளந்து, இடைவெளி குறைகிறதா பாருங்கள். காற்றடிக்கும் நாளில் பக்கவாட்டில் தள்ளி நின்று வீட்டுப் பக்கத் தூரைக் கவனியுங்கள். மண்ணில் பிறை வடிவில் வெடிப்பு விழுந்து, மரம் ஆடும்போது அது திறந்து மூடினால் யோசிக்கவே வேண்டாம், அடைமழைக்கு முன் எடுத்துவிடுங்கள். தூரில் செம்பழுப்பு நீர் கசிந்தாலோ காளான் முளைத்திருந்தாலோ அது தூரையும் வேரையும் அழுகவைக்கும் தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். அந்த மரத்தையும் மதில் ஓரம் வைத்திருக்கக்கூடாது.

இதெல்லாம் இல்லையென்றால் மரம் நிற்கட்டும். பள்ளத்து மண் இறங்கியிருக்கும். மக்கிய எரு கலந்த மண் போட்டு மிதித்து, தூருக்கும் கொஞ்சம் அணையுங்கள். தென்னை தூரிலிருந்து புது வேர் விட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் இந்த மழைக்காலத்துக்குள் அது பலம் தராது. அதனால் புயல் எச்சரிக்கை வந்ததும் காயை இறக்கி, அடிமட்டைகளைக் கழித்து, தண்ணீரை நிறுத்துங்கள். பாரம் குறையட்டும் என்று பச்சை மட்டை எல்லாவற்றையும் மொட்டையடிக்காதீர்கள்.

டானிக்கா? அறுந்த வேரைப் பாட்டில் ஒட்டவைக்காது. கடைக்காரர் உங்கள் மரத்தை வந்து பார்த்தாரா? பார்க்காமல் மருந்து கொடுக்கிறவரிடம் உரம் மட்டும் வாங்குங்கள், யோசனை வாங்காதீர்கள். பாட்டிலைத் திறக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எடுக்க வேண்டி வந்தால் அடியில் அறுத்துத் தள்ளுவது கூடாது. சாய்வு தெருவை நோக்கி. தூர் ஆடுகிற மரத்தில் ஆள் ஏறவும் கூடாது. கூடை வைத்த கிரேன் பிடித்து, மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்கச் சொல்லுங்கள். தெருவில் மின்கம்பி போனால் முதலில் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தியபிறகுதான் வேலையைத் தொடங்கவேண்டும்.