முதலில் ஸ்டாண்டு, பிறகு டி-ஷர்ட்

அலுவலகத்துக்குச் சைக்கிளில் போகும் பழக்கத்தைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் தருகிறேன். அலுவலக விஷயம் என்பதால் பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டார்கள். எனவே ஊர் மட்டும்.

*எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் ஜனவரியில் சைக்கிள் மன்றம் தொடங்கினோம். அறுபது பேர் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் டி-ஷர்ட் கொடுத்து, ஒரு ஞாயிறு காலை கோவளம் வரை கூட்டமாகச் சென்று திரும்பினோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், தினமும் சைக்கிளில் வேலைக்கு வருகிறவர்கள் ஒன்பதே பேர். எங்கே தவறினோம்?*
— வாசகர், பெருங்குடி

ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுவதும், திங்கட்கிழமை எட்டரை மணிக்கு ஓ.எம்.ஆரில் ஓட்டுவதும் ஒரே செயல் அல்ல. முன்னதில் கடற்காற்று உண்டு, பேச்சுத் துணை உண்டு, முடிவில் சூடாக இட்லியும் உண்டு. பின்னதில் முதுகில் மடிக்கணினி, மெட்ரோ பணித் தடுப்புகளால் ஒடுங்கிப்போன சாலை, பத்து மணிக்குக் கூட்டம். நீங்கள் முன்னதற்கு ஆள் சேர்த்துவிட்டு, பின்னதற்கு வருவார்கள் என்று காத்திருந்திருக்கிறீர்கள்.

நின்றுபோன ஐம்பத்தொரு பேரையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். சோம்பல் என்று சொல்கிறவர்கள் குறைவாகவே இருப்பார்கள். நிறுத்த இடம், குளிக்க இடம், நேரம் என்ற மூன்றையே சுற்றிச் சுற்றிச் சொல்வார்கள் என்பது என் ஊகம்.

நிறுத்துமிடத்தைப் பற்றிச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் கிண்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, முதல் நாள் சைக்கிளோடு வாசலுக்குப் போனேன். காவலாளி கையை நீட்டித் தடுத்து, "சார், சைக்கிளெல்லாம் பின்பக்க கேட்டு" என்றார். முந்தின நாள் ஸ்கூட்டரில் வந்த எனக்கு அதே மனிதர் சல்யூட் அடித்திருந்தார். பின்பக்கம் போனால் ஜெனரேட்டர் அறைக்கும் குப்பை டிரம்முக்கும் நடுவே ஒரு சந்து. பூட்டுவதற்குப் பிடிமானமாக ஒரு குழாய்கூட இல்லை. மூன்றாவது வாரம், வேலை முடிந்து வந்து பார்த்தபோது சைக்கிள் இருந்தது, சீட்டைக் காணவில்லை. சைதாப்பேட்டையில் கடை தேடிப் போகும்வரை நின்றுகொண்டே மிதித்தேன். அடுத்த வாரம் மறுபடியும் ஸ்கூட்டர்.

ஆகவே, ஸ்டாண்டு முன்வாசலுக்கு அருகே, கூரையின் கீழ், காவலாளியின் கண்ணிலும் கேமராவின் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். முன் சக்கரத்தை மட்டும் செருகி நிறுத்தும் கம்பிச் சட்டங்களை வாங்காதீர்கள். பக்கத்து சைக்கிள் சாய்ந்தால் ரிம் வளைந்துவிடும். தரையில் பதித்த, கவிழ்த்த ப வடிவ இரும்புக் குழாய் போதும். சக்கரத்தையும் பிரேமையும் சேர்த்து அதோடு பூட்டலாம். ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுப் பத்து சைக்கிள்கள் நிற்கும் என்ற கணக்கை உங்கள் நிர்வாகப் பிரிவிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு உடனே புரிகிற மொழி அதுதான். ஆவடியிலும் திருவெறும்பூரிலும் பெரிய தொழிற்சாலைகள் தகரக் கூரை போட்ட நீளமான சைக்கிள் ஸ்டாண்டுகளை அந்தக் காலத்திலேயே கட்டியிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

குளியலறை ஒன்று இருந்தாலே சமாளிக்கலாம். ஆனால் ஈரத்துண்டைக் காயப்போட ஒரு கொடி கட்ட வேண்டும் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மாலைவரை பைக்குள் சுருண்டு கிடந்த துண்டின் வாடைக்கு அஞ்சியே சைக்கிளைக் கைவிட்டவர்களை நான் அறிவேன். காலையில் கால் மணி நேரச் சலுகை கிடைத்தால் மீதிச் சிக்கலும் தீர்ந்தது.

கடைசியாக ஒரு கேள்வியை நான் கேட்கிறேன். அந்த ஒன்பது பேர் கணக்கில் உங்கள் காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், கேன்டீன் ஊழியர்கள் சேர்த்தியா? மன்றம் பிறப்பதற்கு முன்பே சைக்கிளில் வந்துகொண்டிருப்பவர்கள் அவர்கள். ஒப்பந்தப் பணியாளர் என்ற காரணத்தால் டி-ஷர்ட் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லாமல் போயிருந்தால், உங்கள் மன்றம் தன் அனுபவசாலிகளை வாசலிலேயே நிறுத்திவிட்டது என்று பொருள். எந்த இடத்தில் மழைநீர் வடிகால் மூடி உடைந்திருக்கிறது, எந்தச் சந்தில் புகுந்தால் பேருந்து நிறுத்த நெரிசலைத் தவிர்க்கலாம், ஐப்பசி மழையில் எந்தப் பகுதியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. புதிதாக வருகிற பொறியாளரை முதல் வாரம் அப்படி ஒருவரோடு சேர்த்து அனுப்புங்கள்.

*எனக்கு 34 வயது. வேளச்சேரியில் வீடு, தரமணியில் வேலை. ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. அலுவலக சைக்கிள் மன்றத்தில் சேர ஆசை, ஆனால் அதில் ஒரு பெண்கூட இல்லை. "இந்த வயசுல சைக்கிளா" என்கிறார் மாமியார். சில நாள் வேலை முடிய இரவு ஒன்பது மணி ஆகிவிடும் என்பது என் பயம்.*
— வாசகி, வேளச்சேரி

உங்கள் மாமியாரிடம் புதுக்கோட்டையைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில், எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்தபோது அந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். வயலுக்கும் கல் குவாரிக்கும் போன பெண்கள், பிள்ளைகள் பெற்ற பெண்கள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டியவர்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் அவர்களுக்கு மிச்சமானது. யாரையும் கேட்காமல் வெளியே போய்வர முடிந்தது. பிறகு 2001-02-இல் பள்ளி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் தரத் தொடங்கி, அது படிப்படியாக விரிந்தது. உங்கள் தலைமுறையில் பலர் பள்ளி முடியும்வரை மிதித்தவர்கள்தாம். வேலைக்குப் போனபின் நின்றுபோயிருக்கிறது, அவ்வளவே.

உடை பெரிய தடை அல்ல. குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிள், முழுச் செயின் கவர், பின் சக்கரத்துக்கு வலைத் தடுப்பு ஆகியவை இருந்தால் சுடிதாரில் தாராளமாக ஓட்டலாம். துப்பட்டாவை மட்டும் குறுக்காக இறுக்கிக் கட்டிவிடுங்கள். காற்றில் பறக்கவிட்டால் சக்கரத்தில் சிக்கும்.

இரவைப் பற்றிய உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு விளக்கு வாங்கினால் மட்டும் போதாது. நேரமாகிவிட்டால் சைக்கிளை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு அலுவலக வண்டியில் வீடு திரும்பும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும். "சைக்கிளில் வருகிறவர்தானே" என்று சொல்லி வண்டிப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடும் அலுவலகங்கள் உள்ளன. மன்றத்தில் சேருவதற்கு முன் இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஓர் உறுதி கிடைத்தால், நீங்கள் மட்டுமல்ல, இன்னும் நான்கைந்து பெண்கள் சேர்ந்துவிடுவார்கள்.

*வயது 52. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அலுவலகம் ஏழு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சைக்கிள் எனக்கு நல்லதா, ஆபத்தா?*
— வாசகர், தாம்பரம்

மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார். பிரிட்டனில் 2,63,450 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியான ஆய்வில், சைக்கிளில் வேலைக்குச் செல்பவர்களிடையே இறப்பு அபாயம், காரிலோ பேருந்திலோ செல்பவர்களைவிட 41 விழுக்காடு குறைவாக இருந்தது. ஏற்கெனவே தெம்பாக இருப்பவர்கள்தாம் சைக்கிளைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றும் வாதிடலாம் என்பதால் அந்த எண்ணை அப்படியே விழுங்க வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏழு கிலோமீட்டர் தூரத்தை வாரம் மூன்று நாள் போய்வந்தாலே அந்தக் கணக்கு நிறைந்துவிடும்.

முழங்கால் வலி வந்தால் வயதைக் குற்றம் சொல்லாமல் சீட்டின் உயரத்தைப் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் சீட்டை மிகவும் தாழ்த்தி வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறார்கள். சித்திரை, வைகாசியில் ஏழரை மணிக்குள் கிளம்பிவிடுங்கள். முடியாத நாளில் பேருந்தில் போங்கள்.

*எங்கள் தொழிற்கூடத்தில் சைக்கிளில் வரச் சொல்லி ஊக்குவிக்கிறார்கள். வரும் வழியில் லாரி இடித்துவிட்டால் யார் பொறுப்பு?*
— வாசகர், அம்பத்தூர்

1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையின் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருகிறது. அங்கே இதைக் கேட்ட முதல் ஆள் நீங்களாக இருக்கமாட்டீர்கள்.

நீங்கள் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர் என்றால், 2010-இல் அதற்கான சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதி உங்களுக்குத் துணை நிற்கும். வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதோ வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ நேரும் விபத்தை, நேரமும் இடமும் சூழலும் வேலையோடு பொருந்தினால், வேலையின்போது நேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். எனவே வழக்கமான வழியில் வாருங்கள். நடுவே வேறு வேலையாக ஊர் சுற்றினால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும். இதைத் தவிர, இடித்த மோட்டார் வாகனத்தின் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் செல்லும் உரிமை சைக்கிள் ஓட்டுபவருக்கும் உண்டு. இடித்துவிட்டு ஓடிய வண்டி அடையாளம் தெரியாமல் போனால், 2022 முதல் நடப்பில் உள்ள திட்டத்தின்படி உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும்.

இ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு, மன்றமே குழு விபத்துக் காப்பீடு எடுத்துத் தரச் சொல்லலாம். அம்பத்தூர் எஸ்டேட் சாலைகளில் ஓட்டுகிறவருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இடப்பக்கம் திரும்பப்போகிற லாரியின் இடப்புறத்தில் ஒருபோதும் போய் நிற்காதீர்கள். ஓட்டுநரின் கண்ணுக்கு நீங்கள் தெரியவேமாட்டீர்கள்.

*எங்கள் மில் அலுவலகத்தில் பைக்கில் வருகிறவர்களுக்குப் பெட்ரோல் படி உண்டு. சைக்கிளுக்கு மாறியதும் "உங்களுக்குத்தான் செலவே இல்லையே" என்று படியை நிறுத்திவிட்டார்கள். இது நியாயமா?*
— வாசகர், கோயம்புத்தூர்

நியாயம் இல்லை. பெட்ரோல் எரித்தால் காசு, எரிக்காவிட்டால் வெட்டு என்றால், வந்தவரையும் பழையபடி பைக்குக்கே விரட்டுகிறார்கள். நெதர்லாந்தில் வேலைக்கு வரும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நிறுவனம் வரியின்றித் தரக்கூடிய தொகை 2024 முதல் 23 யூரோ சென்ட்; கார், சைக்கிள் என்ற பேதம் அதில் இல்லை. பிரிட்டனிலோ 1999 முதல் வேறு ஏற்பாடு: நிறுவனமே சைக்கிளை வாங்கி ஊழியருக்குப் பயன்பாட்டுக்குக் கொடுத்து, வரிக்கு முந்தைய சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளும். உங்கள் மில்லில் அவ்வளவெல்லாம் வேண்டாம். டயர், டியூப், பிரேக் கட்டை, செயின் என்று வருடத்துக்கு ஆகிற செலவின் ரசீதுகளைக் கோத்து வைத்து, "பராமரிப்புப் படி" என்ற தலைப்பில் கேளுங்கள். "செலவே இல்லை" என்ற வாதத்துக்கு அந்த ரசீதுக் கட்டே பதில்.

*மன்றத்தில் சேர கியர் சைக்கிள் வாங்கித்தான் ஆக வேண்டுமா?*
— வாசகர், திருவான்மியூர்

வேண்டாம். சென்னை தட்டையான ஊர்; மேம்பாலங்களைத் தவிர ஏற்றம் ஏது? மட்கார்டு, கேரியர், மணி, பின்னால் சிவப்பு விளக்கு ஆகிய நான்கும் உள்ள சைக்கிள் எதுவானாலும் சரி. விலை உயர்ந்த பல சைக்கிள்களில் மட்கார்டே இருப்பதில்லை. மழைநாளில் அவற்றை ஓட்டி வருபவரின் முதுகில் சேற்றுக் கோடு விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் பழைய சைக்கிள் ஒன்று கிடக்குமானால், டயரும் டியூபும் மாற்றி, துரு தட்டிச் செயினுக்கு எண்ணெய் விட்டு, ஒரு மாதம் அதிலேயே போய்வாருங்கள். புதியது வேண்டுமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.