அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய்: நான் பாலை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 46. அப்பாவுக்கு 71 வயதில், போன வருடம், புராஸ்டேட் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. எலும்புக்கும் பரவியிருந்ததால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி போடுகிறோம். பாலும் தயிரும்தான் இந்த நோய்க்குக் காரணம் என்று உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதிலிருந்து வீட்டில் எங்கள் இருவருக்கும் பாலை நிறுத்திவிட்டார்கள். தக்காளிச் சத்து மாத்திரையும் வைட்டமின் ஈ மாத்திரையும் சாப்பிட்டால் எனக்கு வராமல் தடுக்கலாம் என்கிறார்கள். நான் எதைச் சாப்பிட வேண்டும், எதை விட வேண்டும்?

பதில்: முதல் வேலையாக அப்பாவுக்குப் பாலையும் தயிரையும் திரும்பக் கொடுங்கள். இன்று ராத்திரியே கொடுங்கள். அந்த ஊசி உடம்பில் ஆண் ஹார்மோன் சுரப்பதை அடக்குகிறது; புற்றுநோய் அந்த ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது என்பதால் அது தேவை. ஆனால் எலும்பின் பலமும் அதே ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது. ஊசி தொடரத் தொடர எலும்பு மெலியும். அந்த நேரத்தில் சுண்ணாம்புச் சத்தையும் குறைத்தால் பாத்ரூமில் ஒரு சின்ன வழுக்கல் இடுப்பெலும்பு முறிவில் போய் முடியும். கால்சியம், வைட்டமின் டி மாத்திரை அவருக்குத் தேவையா என்று அடுத்த ஊசிக்குப் போகும்போது மருத்துவரிடம் கேளுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். உணவுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜப்பானில் இந்த நோய் முன்பு மிகக் குறைவாக இருந்தது. அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் அதிகமாகக் காணப்பட்டது. அமெரிக்காவில் பரிசோதனை அதிகம் என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. வாழ்க்கை முறைக்கும் பங்கு இருக்கிறது.

பால் பற்றிய பயம் முழுக்கக் கட்டுக்கதை இல்லை. பால் பொருட்களை மிக அதிகமாகச் சாப்பிடும் ஆண்களுக்கு இந்த நோய் சற்று அதிகம் வருவதாகச் சில பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் இதை ‘வரம்புக்குட்பட்ட சான்று’, அதாவது இன்னும் உறுதியாகாத சான்று, என்ற வகையில்தான் வைத்திருக்கிறது. இதில் அளவுதான் முக்கியம். அமெரிக்க ஆய்வுகளில் கவலை தந்தவர்கள், உணவும் மாத்திரையுமாக நாளைக்கு 2000 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் எடுத்தவர்கள். நம் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம். காலையும் மாலையும் காபிக்கு 100 மில்லி வீதம் பால், மதியம் ஒரு கிண்ணம் தயிர் என்றால் எல்லாம் சேர்த்து 450 பக்கம்தான் வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைப்பதோ 1000. கீரை, கேழ்வரகைச் சேர்த்தாலும் நீங்கள் ஆபத்துப் பகுதிக்குப் பக்கத்தில்கூட இல்லை. தயிர் சாதத்தை நிம்மதியாகச் சாப்பிடுங்கள். மருத்துவர் சொல்லாமல் கால்சியம் மாத்திரையை மட்டும் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

எனக்கு உண்மையில் பயம் தருவது அந்த வைட்டமின் ஈ. 400 என்று அட்டையில் அச்சிட்ட அந்தக் குண்டுக் காப்ஸ்யூல் எந்த மெடிக்கலிலும் கிடைக்கும். கால் சுளுக்குக்கு, முகப் பளபளப்புக்கு, முடிக்கு என்று சீட்டே இல்லாமல் வாங்குகிறார்கள். இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1985இல் பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000 ஆண்களை வைத்து, நுரையீரல் புற்றுநோயைத் தடுக்க முடியுமா என்று சோதித்தார்கள். நுரையீரலுக்குப் பலன் இல்லை. ஆனால் வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எல்லோருக்கும் உற்சாகம். 2001இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000 பேருக்கு மேல் சேர்த்து, இந்தக் கேள்விக்காகவே ‘செலக்ட்’ என்ற பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ, அல்லது செலினியம் என்ற தாதுச் சத்து, அல்லது இரண்டும், அல்லது மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. பலன் தெரியாததால் 2008இல் மாத்திரையை நிறுத்தினார்கள். அப்புறமும் அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், 2011இல் வந்த முடிவு எல்லோரையும் அதிர வைத்தது: வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம். ஏழு வருடத்தில் ஆயிரம் பேருக்கு 65 பேர் என்றிருக்க வேண்டியது, 76 ஆகியிருந்தது. தடுக்கும் என்று கொடுத்த மாத்திரை. அதே 400தான் உங்கள் கையில் இருப்பதும். தயவுசெய்து வேண்டாம்.

தக்காளிக் கதை கொஞ்சம் இனிமையானது. அதிலுள்ள சிவப்பு நிறப் பொருளின் பெயர் லைக்கோபீன். தக்காளி சாஸ் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இந்த நோய் குறைவாக இருந்ததாக 1995இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. அதிலிருந்து கிளம்பியதுதான் இந்த மாத்திரை வியாபாரம். மாத்திரை தடுக்கும் என்பதற்கு இதுவரை உறுதியான சான்று கிடையாது. ஆனால் லைக்கோபீன் சமைக்காத தக்காளியைவிடச் சமைத்த தக்காளியிலிருந்துதான் உடம்பில் நன்றாகச் சேரும். தொக்குக்கு வதக்கும்போது பாருங்கள்: தோல் சுருண்டு, சதை குழைந்து, மிளகாய்த்தூள் போடும் முன்பே ஓரத்தில் பிரியும் எண்ணெய் செம்மஞ்சளாக இருக்கும். கொழுப்பில் கரையும் அந்த நிறம்தான் லைக்கோபீன். உப்பையும் எண்ணெயையும் அளவோடு போட்டால் போதும், கேப்ஸ்யூலுக்கு எதற்குக் காசு?

மாதுளை, கிரீன் டீ பற்றியும் நிறையச் சொல்வார்கள். பிடித்தால் சாப்பிடுங்கள், மருந்தாக நினைக்காதீர்கள். காபியால் கெடுதல் தெரியவில்லை. ஆட்டுக்கறியை வாரத்தில் ஒரு நாளோடு வைத்துக்கொள்ளுங்கள். சாஸேஜ் வகைகளைத் தவிர்ப்பது குடலுக்கு நல்லது என்பதற்கு உறுதியான சான்றே இருக்கிறது.

உணவு விஷயத்தில் சான்று பலமாக இருக்கும் இடம் தொப்பைதான். உடல் பருமன் உள்ளவர்களுக்கு முற்றிய நிலைப் புராஸ்டேட் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். அதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த நோயைச் சந்தேகிக்க ரத்தத்தில் பார்ப்பது பி.எஸ்.ஏ. என்ற, புராஸ்டேட் சுரக்கும் புரதத்தை. பருத்த உடம்பில் ரத்தத்தின் அளவு கூடுவதால் அது நீர்த்துப்போய்க் குறைவாகக் காட்டும். நோய் தாமதமாகக் கண்ணில் படும். இடுப்பு எவ்வளவு என்று கேட்டால் பலரும் பேன்ட் அளவைச் சொல்கிறார்கள். பேன்ட் நிற்பது தொப்பைக்குக் கீழே. டேப்பைக் கிட்டத்தட்டத் தொப்புள் மட்டத்தில், வயிற்றை எக்காமல், மூச்சை விட்டபின் சுற்றுங்கள். 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் குறைக்க வேண்டும். அதற்கு வாங்க வேண்டியது எதுவும் இல்லை. இரண்டாம் முறை போடும் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியலையும் சுண்டலையும் வையுங்கள். மாலைக் காபியோடு வரும் மிக்சரை விடுங்கள். தினமும் முக்கால் மணி நேரம் நடங்கள்.

எத்தனை கவனமாகச் சாப்பிட்டாலும் அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பற்றி இந்த வயதிலேயே சிறுநீரகவியல் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். ரத்தம் கொடுப்பதற்கு முன் இரண்டு நாள் உடலுறவும் நீண்ட சைக்கிள் பயணமும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருந்தால் அது சரியான பிறகு எடுக்கலாம். முடி உதிர்வுக்கு ஃபினாஸ்டிரைடு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள், அது பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.