படித்த கல்லூரிக்கு உயில்: நிலமாகவா, பணமாகவா?

கேள்வி: கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். அப்பா சீதனமாக எழுதிக்கொடுத்த மூன்று மா (ஏறத்தாழ ஒரு ஏக்கர்) நஞ்சை பாபநாசம் பக்கம் குத்தகையில் இருக்கிறது. என் காலத்துக்குப் பிறகு அது நான் படித்த அரசு மகளிர் கல்லூரியின் ஏழை மாணவிகளுக்குப் போக வேண்டும். மகன்கள் தடுக்க முடியுமா?

பதில்: முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, 14ஆம் பிரிவின்படி சீதனச் சொத்து முழுக்க உங்களுடையது. பத்திரத்தில் ‘ஆயுள்வரை அனுபவிக்க மட்டும்’ என்றிருந்தால்தான் சிக்கல், வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

நிலத்தை நிலமாகவே கல்லூரிக்கு எழுதாதீர்கள். குத்தகை வசூலிக்கக் கல்லூரியில் ஆள் கிடையாது. சம்பா மூழ்கும் வருஷம் உதவித்தொகையும் நின்றுவிடும். நிலத்தை விற்று, வரும் பணத்தில் அறக்கட்டளை வைப்புநிதி தொடங்கும்படி, உயிலை நிறைவேற்றுபவருக்கு அதிகாரம் கொடுங்கள். பதிவுபெற்ற குத்தகைதாரர் இருந்தால் அவரை எளிதில் வெளியேற்ற முடியாது, அதனால் வெளியாள் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். குத்தகைதாரரே வாங்குவாரா என்று இப்போதே பேசிப் பாருங்கள்.

உதாரணமாக, வைப்புநிதியில் 5 லட்சம் ரூபாய் போட்டால் 6 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 30,000 தரும். இரண்டு மாணவிகளுக்குத் தலா 12,000 போக மீதி 6,000 அசலில் சேரட்டும். சேர்க்காவிட்டால் பத்து வருஷத்தில் அந்த 12,000 விடுதிச் சாப்பாட்டுக்குக்கூடப் போதாது.

தகுதி விதியில்தான் நல்ல மனமும் வீணாகிறது. ‘வேறு உதவித்தொகை பெறாதவர்’ என்று வழக்கமாக ஒரு வரி சேர்ப்பார்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் அரசுப் பள்ளி மாணவிகள் அந்த ஒரு வரியால் வெளியே போய்விடுவார்கள். நீங்கள் தேடுவதே அவர்களைத்தானே! அந்த வரி வேண்டாம். முதல் மதிப்பெண் நிபந்தனையும் வேண்டாம். குடும்ப வருமானமும் தேர்ச்சியும் போதும்.

அரசுக் கல்லூரி தனி நிறுவனமல்ல, அரசின் அங்கம். ஆகவே அறக்கட்டளையை எந்தப் பெயரில் ஏற்பார்கள் என்று முதல்வரிடம் எழுத்திலேயே கேட்டு வாங்கி, அதே பெயரை உயிலில் எழுதுங்கள். முதல்வரின் சொந்தப் பெயர் வரக்கூடாது. கல்லூரி வேறொன்றோடு இணைந்தால் பணம் எங்கே போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

‘குளத்துக்குக் கிழக்கே மூன்று மா’ என்று எழுதினால் பின்னால் வழக்குதான். பட்டாவில் உள்ளபடி புல எண், உட்பிரிவு, ஹெக்டேர்-ஏர் அளவு வேண்டும். இரண்டு சாட்சிகள் கட்டாயம். பிறகு கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டிவரலாம் என்பதால் உங்களைவிட இளையவர்களாகப் பாருங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். நிறைவேற்றுபவருக்கு மாற்றாக இன்னொருவர் பெயரும் அதில் இருக்கட்டும்.