பி.ஆர்க். படிக்க விரும்பும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ படிக்கும் தங்கள் மகள் பி.ஆர்க். எனும் கட்டடக்கலைப் பட்டப்படிப்பில் சேர ஆசைப்படுவதாகவும், காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியிலேயே சிவில் கிடைத்தால் வீட்டிலிருந்து போய்வரலாமே என்று தாங்கள் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் கட்டடம் சார்ந்தவையே. ஆனால் படிப்பு வேறு. நான்காண்டு சிவில், கட்டடம் எவ்வளவு பாரம் தாங்கும், அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் வேண்டும் என்று கணக்கிடக் கற்றுத்தரும். ஐந்தாண்டு பி.ஆர்க்., கட்டடத்துக்குள் மனிதர் எப்படிப் புழங்குவார்கள் என்பதில் தொடங்கி, வெளிச்சம், காற்று, பொருள், செலவு அனைத்தையும் ஒன்றாக வைத்து வடிவமைக்கப் பழக்கும்.

பெண் நன்றாகப் படம் வரைகிறாள் என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். கண்ணில் படும் கட்டடத்தை ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று கேட்கும் குணம் இருக்கிறதா என்று பாருங்கள். அதை அறியச் செட்டிநாட்டைவிட நல்ல இடம் கிடையாது. தங்கள் உறவில் பழைய வீடு ஒன்று இருக்குமானால், ஒரு டேப்பும் கட்டம் போட்ட நோட்டும் கொடுத்து, முகப்பு முதல் வளவு (முற்றத்தைச் சுற்றிய நடுப்பகுதி), இரண்டாங்கட்டு, அடுப்படி வரை அளந்து பிளான் வரையச் சொல்லுங்கள். வளவின் திறந்த முற்றத்தில் காலையிலும் உச்சியிலும் மாலையிலும் வெயில் எந்தத் தூண்வரை வருகிறது, ஓட்டுக்கூரையில் விழும் மழைநீர் எவ்வழியே வெளியேறுகிறது என்பதையும் அவள் குறிக்கட்டும். தரையில் பதிக்கும் பூவேலைக் கல்லுக்குப் பேர்போன ஆத்தங்குடிக்கும் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை எடுத்தபின் சிமெண்டும் மணலும் நிரப்பிக் கையாலேயே அந்தக் கல்லைச் செய்கிறார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறியே இறுகுகிறது. இதைப் பார்த்து அவள் கேள்விமேல் கேள்வி கேட்டால் தாராளமாகச் சேர்க்கலாம். சலிப்புத் தட்டினால் சிவிலையோ வேறு படிப்பையோ யோசிப்பதே நல்லது.

பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் அவசியம். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணை 200-க்கும் நாட்டா எனும் கட்டடக்கலை நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை 200-க்கும் எடுத்து, 400-க்குத் தரவரிசை போடுகிறார்கள். ஆகவே பள்ளிப் பாடத்தைக் கைவிட்டு ஓவியப் பயிற்சிக்கே ஓடுவது தவறு. திருச்சி என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயினில் பி.ஆர்க்.கிற்கான தனித் தாளை எழுத வேண்டும்.

செலவையும் மறைக்காமல் சொல்கிறேன். கட்டணத்தோடு லேப்டாப், மாடல் செய்யும் பொருட்கள், பிரிண்ட் என்று மாதந்தோறும் பணம் போகும். படிப்பு முடிந்ததும் கிடைக்கும் முதல் சம்பளம் பெரும்பாலும் சுமாராகவே இருக்கும். அனுபவம் சேரச் சேரத்தான் உயரும். அந்தச் சில ஆண்டுகளைத் தாங்க வீட்டில் வசதி உண்டா என்பதை மகளையும் உட்காரவைத்து இப்போதே பேசிவிடுங்கள்.

1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு பெற்றவரே ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியும். அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தால்தான் அந்தப் பதிவு கிடைக்கும். எனவே எந்தக் கல்லூரியானாலும், அந்தப் படிப்புக்கு நடப்பாண்டு அங்கீகாரம் உள்ளதா என்பதைக் கவுன்சிலின் பட்டியலில் பார்க்காமல் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.