ஒரு காரில் பாடுது, மற்றக் காரில் பாடவில்லை: லொஸ்லெஸ் பாட்டுக் கேள்வி பதில்

ஃப்ளாக், அலாக், வேவ் என்று லொஸ்லெஸ், அதாவது சத்தத்தின் தரம் குறையாத ஃபைல் வகைகளில் பாட்டு சேர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை "அதில் பாடுது, இதில் பாடவில்லை" என்ற ஒரே முறைப்பாடுதான். கொழும்பில் நாங்கள் பாவிக்கிற சாமான்கள் அப்படி. கார் ஜப்பானிலிருந்து வந்தது, வயர் புறக்கோட்டையில் வாங்கியது, ஐபோன் கனடாவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது. வந்த ஒழுங்கிலேயே பதில் தருகிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: அண்ணா, ரீகண்டிஷன் கார் ஒன்று எடுத்தேன். செட் முழுக்க ஜப்பான் எழுத்து. என் பென் டிரைவில் இருக்கிற ஃப்ளாக் பாட்டு ஒன்றும் பாடவில்லை. அதே பென் மச்சானின் காரில் நல்லாப் பாடுது. பென் பழுதா, செட் பழுதா?

இரண்டும் பழுதில்லை, தம்பி. ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்த பழைய செட்டுகளில் பல எம்பி3, டபிள்யூஎம்ஏ, ஏஏசி மட்டும்தான் வாசிக்கும். ஃப்ளாக்கைப் பிரித்துப் பாட ஒரு டிகோடர் வேண்டும். அது செட்டில் இல்லையென்றால் சிலவேளை ஃபைல் பெயர்கூடத் திரையில் வராது. எஃப்எம் பாண்ட் 76இல் தொடங்கி 90இல் நின்றுவிடுவதால் எங்கள் நிலையங்கள் பலதைப் பிடிக்க முடியாமல் கன்வேட்டர் ஒன்று பூட்டியிருப்பீர்கள் அல்லவா, அந்தக் கதையேதான்.

முதலில் செட்டின் மொடல் இலக்கத்தைப் பார்த்துக் கையேட்டைத் தேடுங்கள். போனின் கமரா மொழிபெயர்ப்பே போதும். பாடக்கூடிய ஃபைல் வகைகளின் அட்டவணை ஒன்று இருக்கும், அதில் ஃப்ளாக் இருக்கிறதா என்று பாருங்கள்.

இருக்கிறது, ஆனாலும் பாடவில்லை என்றால், நான் முதலில் பென்னின் ஃபோர்மட்டை, அதாவது பென் ஃபைல்களை அடுக்கி வைக்கிற முறையைத்தான் சந்தேகிப்பேன். பெரிய பென்கள் கடையிலிருந்து எக்ஸ்ஃபாட்டில் வருகின்றன. கார் செட்டுகள் பல ஃபாட்32 மட்டும்தான் அறியும். விண்டோஸின் வழமையான ஃபோர்மட் பெட்டி 32 ஜிபிக்கு மேற்பட்ட பென்னுக்கு ஃபாட்32 காட்டாது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் செய்யலாம். அடுத்தது சாம்பிள் அளவு, அதாவது சத்தத்தை நொடிக்கு எத்தனை தரம் அளந்து பதிந்தார்கள் என்பது. 44.1, 48 கிலோஹெர்ட்ஸ் வரைதான் ஏற்கும் செட்டில் 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைலைப் போட்டால் தாண்டிப் போய்விடும், அல்லது சத்தமில்லாமல் நேரம் மட்டும் ஓடும். பாட்டோடு ஒட்டியிருக்கிற அட்டைப்படம் பல எம்பி அளவில் இருந்தாலும் சில செட் திணறும். 500 பிக்சலுக்குக் குறைத்துப் பாருங்கள்.

அட்டவணையில் ஃப்ளாக்கே இல்லையென்றால் செட்டை மாற்ற ஓடாதீர்கள். சீடி போடுகிற வாய் இருக்கிறதுதானே? சீடித் தர ஃப்ளாக்கை ஓடியோ சீடியாக எழுதினால் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஒரு பிட்டும் குறையாது. ஒரு சீடியில் 80 நிமிடம். அது கரைச்சல் என்றால் காருக்கு மட்டும் 320 கிலோபிட் எம்பி3 பிரதி ஒன்று செய்துகொள்ளுங்கள். காலி வீதி நெரிசலில், ஏசியும் போட்டுக்கொண்டு, அந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவருக்கு நான் கொத்து ரொட்டி வாங்கித் தருவேன்.

அதே ஆள் மறுபடியும்: ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கிற ஃப்ளாக்கை எம்பி3 என்று மாற்றினால் போதாதா?

போதாது. பெயர்ப் பலகைதான் மாறும், உள்ளே இருப்பது ஃப்ளாக்தான். மாற்றுவதென்றால் ஃபூபார்2000 போன்ற ஒரு மென்பொருளால் உண்மையாகவே மாற்ற வேண்டும்.

தெஹிவளையிலிருந்து: ஐபோனில் ஃப்ளாக் பாடாது என்று கடையில் சொன்னார்கள். எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கச் சொல்கிறார்கள். சரியா அண்ணா?

அரை உண்மை, தங்கச்சி. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 தொடக்கம் ஐபோனின் ஃபைல்ஸ் செயலியில் ஃப்ளாக்கைத் தொட்டால் பாடும். மியூசிக் செயலிக்குள்தான் போகாது. இரண்டு வழி இருக்கிறது. விஎல்சி அல்லது ஃபூபார்2000இன் ஐபோன் பதிப்பைப் போட்டு அதற்குள் ஃப்ளாக்கை அப்படியே ஏற்றலாம். மியூசிக் செயலிதான் வேண்டுமென்றால் அலாக்காக மாற்றுங்கள். அது 2004இல் அப்பிள் கொண்டுவந்த லொஸ்லெஸ் வகை. 2011இல் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். விண்டோஸில் ஃபூபார், மாக்கில் எக்ஸ்எல்டி, இரண்டும் ஒரு அல்பத்தைக் கொஞ்ச நேரத்தில் மாற்றிவிடும். எம்பி3 ஆக்கச் சொன்னவர் சொன்னதைக் கேட்க வேண்டியதில்லை.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். அலாக்கும் ஏஏசியும் ஒரே எம்4ஏ என்ற வாலோடுதான் வரும். ஒன்று லொஸ்லெஸ், மற்றது இல்லை. பிட் வேகத்தைப் பாருங்கள்: நொடிக்கு 256 கிலோபிட் என்று இருந்தால் அநேகமாக ஏஏசி, 700, 900 என்று இருந்தால் அலாக்.

வத்தளையிலிருந்து: ஃப்ளாக்கிலிருந்து அலாக், அலாக்கிலிருந்து ஃப்ளாக் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் தரம் தேயாதா?

தேயாது. நூறு தரம் மாற்றினாலும் அதே எண்கள்தான் திரும்ப வரும். பிட் அளவையும் சாம்பிள் அளவையும் இடையில் தொடாமல் இருந்தால் சரி.

பம்பலப்பிட்டியிலிருந்து: நான் ஃப்ளாக்கை புளூடூத் ஹெட்செட்டில்தான் கேட்கிறேன். பெட்டியில் சீடியைவிட உயர்ந்த தரம் என்கிற ஹை-ரெஸ் முத்திரை இருக்கிறது. அப்போது லொஸ்லெஸ்தானே?

இல்லை. சீடித் தரம் என்பது நொடிக்கு 1411 கிலோபிட்: 44,100 சாம்பிள், 16 பிட், இரண்டு பக்கம், பெருக்கிப் பாருங்கள். ஃப்ளாக் அதைச் சுருக்கி வைத்திருந்தாலும், போன் அதை விரித்தெடுத்து, புளூடூத்துக்காகத் திரும்பவும் இழப்போடு சுருக்கித்தான் அனுப்புகிறது. ஹை-ரெஸ் முத்திரைக்கு அநேகமாகக் காரணமான, சோனியின் எல்டாக் என்ற புளூடூத் சுருக்க முறைகூட அதிகபட்சம் 990 கிலோபிட்தான். வீதியில் அலைவரிசை நெருக்கமென்றால் 660க்கோ 330க்கோ தானாக இறங்கிவிடும். அண்ட்ரொய்டில் 8ஆம் பதிப்பிலிருந்து எல்டாக் இருக்கிறது. ஐபோன் எஸ்பிசி, ஏஏசி என்ற சுருக்க முறைகள் இரண்டையும் தவிர வேறொன்றும் அனுப்பாது, ஆகவே எல்டாக் ஹெட்செட்டை ஐபோனோடு வாங்குவது வீண் செலவு. அப்ட்எக்ஸ் லொஸ்லெஸ் என்று ஒன்று சீடித் தரத்தை முழுசாக அனுப்பும். ஆனால் போனும் ஹெட்செட்டும் இரண்டுமே அதற்கு ஆதரவு தரவேண்டும், சிக்னலும் நல்லாக இருக்கவேண்டும்.

அதற்காக எல்டாக் கூடாதென்று நான் சொல்லவில்லை. நல்ல ஹெட்செட்டில் மிக நன்றாக இருக்கும். லொஸ்லெஸ் என்ற பெயர் மட்டும் பொருந்தாது.

புறக்கோட்டையில் வேலை செய்பவர்: சி-டைப் வாயில் பூட்டி ஹெட்செட் குத்துகிற சின்ன வயர் ஒன்று வாங்கினேன். பழைய போனில் வேலை செய்தது, புதுப் போனில் சத்தமே இல்லை. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை, இரண்டு இனம் இருக்கிறது. ஒன்று வெறும் வயர். போனே ஒலியை அந்த வாயால் வெளியே விட்டால்தான் அது பாடும். மற்றதில் டிஜிட்டலை ஒலியாக்குகிற டாக் சிப் உள்ளேயே இருக்கும். புதுப் போன்களில் பல ஒலியை அந்த வாயால் விடுவதில்லை, ஆகவே சிப் உள்ளதுதான் வேண்டும். கடைக்காரரிடம் "டாக் உள்ளதா" என்று கேட்டு, உங்கள் போனிலேயே பூட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். அப்பிளின் சின்ன வயரும் டாக் உள்ளதுதான். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். பெரும்பாலானவர்களுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

வெள்ளவத்தையிலிருந்து: ஒரு கடையில் 64 ஜிபி பென்னில் "பழைய பாட்டு லொஸ்லெஸ்" என்று நிரப்பித் தந்தார்கள். எல்லாம் ஃப்ளாக். ஆனால் கேட்க எம்பி3 மாதிரி இருக்கு. எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் காது சொல்வது சரியாக இருக்கலாம். எம்பி3யை ஃப்ளாக்காக மாற்ற எவராலும் முடியும். ஃபைல் பெரிதாகும், போன சத்தம் திரும்பி வராது. ஸ்பெக் என்ற சின்ன மென்பொருளில் பாட்டைப் போட்டால் அதிர்வெண் படம் வரும். 128 கிலோபிட் எம்பி3யிலிருந்து வந்ததென்றால் ஏறக்குறைய 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல மேலே கறுப்பாக இருக்கும். 320இல் அந்த வெட்டு 20க்குக் கிட்ட.

ஆனால் பழைய பாட்டு என்கிறீர்களே, அங்கேதான் அவசரப்படக் கூடாது. 1950, 60களில் பதிவான பாட்டுகளில் உண்மையிலேயே அந்த உயரத்தில் ஒன்றும் இராது. நல்ல ஃப்ளாக்கிலும் மேலே வெறுமைதான், இருந்தால் நாடா இரைச்சல் மட்டும். வித்தியாசம் விளிம்பில் தெரியும். பழைய பதிவு மெல்ல மெல்ல மங்கி முடியும், எம்பி3 நேர்கோட்டில் முடியும். பல பாட்டுகளில் ஒரே உயரத்தில் நேர்கோடு கண்டால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

ஓடியோ சீடியும் இதே ஆபத்து உள்ளதுதான். எம்பி3யிலிருந்து எழுதிய சீடியை எவ்வளவு கவனமாக எடுத்தாலும் எம்பி3தான் வரும். கம்பனி அச்சடித்த சீடி உங்களிடம் இருந்தால் அதை எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி என்ற மென்பொருளால் எடுங்கள். மற்றவர்கள் எடுத்ததோடு ஒப்பிடுகிற அக்கியூரேட்ரிப் வசதி அதில் உண்டு. உங்கள் தமிழ் சீடி அந்தப் பட்டியலில் இல்லையென்றால், 'டெஸ்ட் அண்ட் கொப்பி' கொடுத்து இரண்டு தரம் வாசிக்க விடுங்கள். இரண்டு தரமும் அது காட்டுகிற சரிபார்ப்பு எண்கள் ஒத்துவந்தால் நிம்மதி.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்: இலங்கை வானொலி நிகழ்ச்சிகளை நானே கசெட்டில் பதிந்து வைத்திருக்கிறேன். மகன் கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்த ஃபைல் அவருடைய லப்டொப்பில் மட்டும்தான் பாடுகிறது. சத்தமும் கரகரப்பு.

ஐயா, இங்கே இரண்டு கோளாறு இருக்கும் போலிருக்கிறது. பாடாததற்குக் காரணம் அநேகமாக 32 பிட் ஃப்ளோட் வேவ். ஓடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் உள்ளே அந்த வகையில்தான் வேலை செய்யும். அப்படியே வெளியே எடுத்தால் போன், ரீவி, கார் செட் பலவற்றில் பாடாது. மகனிடம் 24 பிட் ஃப்ளாக்காக எடுத்துத் தரச் சொல்லுங்கள். வேவில் பாட்டுப் பெயர், திகதி எழுதினாலும் பல கருவிகள் அதைக் காட்டுவதில்லை. ஃப்ளாக்கில் எழுதினால் அநேகமாக எல்லாவற்றிலும் தெரியும். நிகழ்ச்சியின் பெயரையும் ஆண்டையும் உங்களுக்கு நினைவிருக்கும்போதே எழுதிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அது தெரியாது.

கரகரப்புக்குக் காரணம் வயர் குத்திய இடம். லப்டொப்பில் ஒரே ஒரு ஓட்டைதான் இருந்தால் அது ஹெட்செட்டுக்கானது, உள்ளே வாங்குவது மைக்கை மட்டும்தான், அதுவும் ஒற்றைப் பக்கம். கசெட் பிளேயரின் வெளியீடு அதற்கு மிகப் பலமானது. லைன்-இன், அதாவது பிளேயர் போன்ற கருவிகளின் சத்தத்தை உள்ளே வாங்கும் வாய் உள்ள யூஎஸ்பி ஓடியோ பெட்டி ஒன்று வேண்டும். உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். 192 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம், 48 போதும். வானொலியிலிருந்து கசெட்டில் பதிந்ததில் அதற்கு மேல் பிடிக்க ஒன்றுமில்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கடற்கரைப் பக்க ஈரத்தில் சாதாரணம். பூஞ்சை பிடித்த ஒன்றைப் போட்டால் பிளேயரின் தலையில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் போகும். அப்படியானவற்றைத் தனியே எடுத்துவைத்து, நல்லவற்றை முதலில் ஏற்றுங்கள்.

கிருலப்பனையிலிருந்து: பாட்டுப் பெயர்களைத் தமிழில் போட்டேன். காரில் பெட்டி பெட்டியாக வருது. பழைய சில பாட்டுகளில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருது.

இரண்டும் வேறு வேறு நோய். பெட்டி வருவது காரில் தமிழ் எழுத்துரு இல்லாததால். ஃபைலில் பிழையில்லை. காருக்கான பிரதியில் மட்டும் பெயரை ஆங்கில எழுத்தில் போடுங்கள். இரண்டாவது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எல்லோரும் அதில்தான் தட்டினோம். அது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் இல்லாததால் பாமினி இல்லாத இடமெல்லாம் கிறுக்கலாகத்தான் தெரியும். இணையத்தில் இருக்கிற பாமினி மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கி, எம்பி3டாக் என்ற பெயர் திருத்தும் மென்பொருளில் ஒட்டிவிடுங்கள். பெயரில் எம்பி3 இருந்தாலும் அது ஃப்ளாக்கையும் கையாளும்.

மட்டக்குளியிலிருந்து: ஏப்பிஈ ஃபைல் ஒன்றும், கியூ என்று சின்ன ஃபைல் ஒன்றும் நண்பன் தந்தான். போனில் திறக்கவில்லை.

மங்கீஸ் ஓடியோ என்ற வகை. நன்றாகச் சுருக்கும், ஆனால் விரிக்க அதிக வேலை கேட்கும், அதனால் கருவிகள் பல அதைத் தொடுவதில்லை. முழு அல்பமும் ஒரே ஃபைல், எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்பதுதான் கியூவில் இருக்கிறது. ஃபூபாரில் ஏப்பிஈ வாசிப்பதற்கான துணையைப் போட்டு, கியூவைத் திறந்து, தனித்தனி ஃப்ளாக்காக மாற்றுங்கள்.

மாணவி ஒருவர்: டேட்டா பக்கேஜில் அப்பிள் மியூசிக் கேட்கிறேன். லொஸ்லெஸ் போட்டதும் டேட்டா பறக்குது. நிறுத்தவா?

வெளியே போகும்போது நிறுத்துங்கள். அப்பிளே சொல்கிற கணக்கு: மூன்று நிமிடப் பாட்டுக்கு வழமையான 256 தரத்தில் 6 எம்பி, லொஸ்லெஸ்ஸில் 36, ஹை-ரெஸ்ஸில் 145. செட்டிங்கில் மொபைல் டேட்டாவுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, டவுன்லோடுக்கு ஒன்று என்று தனித்தனியாகத் தெரிவு இருக்கிறது. டவுன்லோடை மட்டும் லொஸ்லெஸ்ஸில் விட்டு, வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டு போங்கள். புளூடூத்தில்தான் கேட்கிறீர்கள் என்றால் அதுவும் தேவையில்லை.

வத்தளைக்காரரின் கடைசிக் கேள்வி: அப்ப எல்லாவற்றையும் எந்த வகையில் வைத்திருப்பது?

ஃப்ளாக்கில். 2001இலிருந்து இருக்கிறது, யாருக்கும் காசு கட்டத் தேவையில்லை, 2024இல் இணையத் தரமாகவும் பதிவாகிவிட்டது. சுருக்க அளவு 5 ஆனாலும் 8 ஆனாலும் சத்தம் ஒன்றுதான், இடம்தான் சற்றுக் குறையும். ஒவ்வொரு ஃப்ளாக்கின் உள்ளேயும் மூலச் சத்தத்தின் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கிறது. டிஸ்க் பழுதாகி ஒரு பிட் மாறினாலும் சோதித்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஃபூபாரில் எல்லாவற்றையும் தெரிவுசெய்து வெரிஃபை கொடுங்கள். இரண்டு டிஸ்க்கில் பிரதி வையுங்கள், இரண்டையும் ஒரே மேசை லாச்சியில் வைக்காதீர்கள். காருக்கும் போனுக்கும் செய்கிற எம்பி3, அலாக் பிரதிகளை வேறு ஃபோல்டரில் போடுங்கள். அவை அழிந்தால் திரும்பச் செய்துகொள்ளலாம்.